மில்டனுக்குக் காத்திருந்தபோது பேசிய அரசியல்

2024 அக்டோபர் 7, திங்கட்கிழமை. நவம்பர் 5 தேர்தலில் ஓட்டுப்போட ஃப்ளோரிடாவில் பெயர் பதிவு செய்ய அதுவே கடைசி நாள். மெக்சிகோ வளைகுடாவில் மில்டன் புயல் உச்ச வலிமையான ஐந்தாம் வகையைத் தொட்டதும் அதே நாளில்தான். மயாமித் தொலைக்காட்சியில் பல பத்தாண்டுகளாக வானிலை சொல்லும் ஜான் மொராலஸ், பத்து மணி நேரத்தில் புயலின் மைய அழுத்தம் 50 மில்லிபார் இறங்கிவிட்டது என்று சொல்லும்போது நேரலையிலேயே தொண்டை அடைத்து நின்றார். எத்தனையோ புயல் பார்த்தவர் கலங்கியதைப் பார்த்த பிறகுதான் எங்கள் வட்டத்தில் பலரும் பெட்டி கட்டத் தொடங்கினோம்.

அன்று மாலை மதுரைக்கார நண்பர் போன் செய்தார். ஜன்னலுக்கு அடிக்க பிளைவுட் எங்கே கிடைக்கும் என்று கேட்டார். சொல்லிவிட்டு, "ஓட்டுக்குப் பதிஞ்சிட்டீங்களா?" என்று கேட்டேன். செப்டம்பரில்தான் அவர் குடியுரிமை உறுதிமொழி எடுத்திருந்தார். முதல் ஓட்டு. செப்டம்பர் கடைசியில் வந்த ஹெலீன் புயலில் வேலியும் காரும் போன களேபரத்தில் பதியாமலே இருந்திருக்கிறார். "இந்த நேரத்துல அதுவாங்க முக்கியம்?" என்றார். ஆமாம், முக்கியம் என்று சொல்லி, போனை வைக்காமலேயே இணையத்தில் ஒவ்வொரு கட்டமாக நிரப்ப வைத்தேன். ஓட்டுநர் உரிம எண், பிறந்த தேதி, கட்சி சார்பு. கட்சி கேட்ட இடத்தில் "எதுவும் இல்லை" என்று போட்டார். நள்ளிரவுக்கு முன் முடிந்தது.

எல்லோருக்கும் அப்படி முடிந்திருக்காது. 2016இல் மேத்யூ புயல் இதே மாதிரி கடைசி நாளையொட்டி வந்தபோது, அன்றைய ஆளுநர் ரிக் ஸ்காட் காலநீட்டிப்புத் தர மறுத்தார். கூட்டாட்சி நீதிபதி மார்க் வாக்கர் தலையிட்டு அக்டோபர் 18 வரை நீட்டித்தார். 2024இல் வாக்காளர் உரிமைக்காக இயங்கும் லீக் ஆஃப் விமன் வோட்டர்ஸ் அமைப்பும், கறுப்பினத்தவர் உரிமை அமைப்பான என்ஏஏசிபியும் அதே கோரிக்கையோடு வழக்குப் போட்டன. நீதிபதி ராபர்ட் ஹிங்கிள் ஏற்கவில்லை. பதிவு செய்ய நிறைய நாள் இருந்ததே என்பது ஒரு வாதம். இருந்ததுதான். ஆனால் வெளியேறு என்று அரசே உத்தரவு போட்டு, சாலையெல்லாம் வண்டி நகராமல் நிற்கும் நேரத்தில், கடைசி நாள் மட்டும் நகராமல் நிற்பது எந்த வகையில் நியாயம் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. மூன்றே நாள் தள்ளிப்போட்டிருந்தால் யாருக்கும் நஷ்டம் வந்திருக்காது.

நாங்கள் இருப்பது டாம்பாவில் ஏ மண்டலம். இங்கே கடல்நீர் உள்ளே வரும் ஆபத்தை வைத்து ஏ முதல் ஈ வரை மண்டலம் பிரித்திருக்கிறார்கள். ஏ என்றால் முதலில் கிளம்ப வேண்டியவர்கள். தண்ணீருக்கு ஓடு, காற்றுக்கு ஒளிந்துகொள் என்பார்கள் இங்கே. ஐந்நூறு மைல் ஓட வேண்டாம், தண்ணீர் வராத மேட்டுக்குப் போனால் போதும் என்பதுதான் அதன் அர்த்தம். நாங்கள் போனது வடக்கே வெஸ்லி சேப்பலில் இருக்கும் கடலூர் அண்ணன் வீட்டுக்கு. கான்கிரீட் கல் வைத்துக் கட்டிய வீடு. 1992இல் ஆண்ட்ரூ புயல் தென் ஃப்ளோரிடாவை நொறுக்கிய பிறகு மாநிலம் முழுமைக்கும் ஒரே கட்டட விதி கொண்டுவந்தார்கள், 2002இல் அமலுக்கு வந்தது. அதற்குப் பிறகு கட்டிய வீடு என்றால் இங்கே ஒரு தனி நம்பிக்கை.

எங்களுக்கு முன்பே அங்கே ஆள் சேர்ந்திருந்தது. மருத்துவமனையில் மருந்தாளுநராக இருக்கும் அக்கா. புயலுக்கு முன் உள்ளே போய்ப் புயல் முடியும்வரை தங்குவது ஒரு அணி, முடிந்ததும் போய் மாற்றிவிடுவது இன்னொரு அணி. அக்கா இரண்டாவது அணியில் இருந்ததால் அன்று எங்களோடு. அப்புறம் மதுரைக்காரர் குடும்பம். செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் தரைத்தள வீட்டில் வாடகைக்கு இருந்த திருநெல்வேலித் தம்பியும் அவன் மனைவியும், நான்கு வயது மகளோடு.

தம்பியின் வீட்டை ஹெலீன் ஏற்கெனவே முடித்துவிட்டது. செப்டம்பர் 26 இரவு ஹெலீன் கரை ஏறியது எங்களுக்கு வடக்கே வெகுதூரத்தில், பெரி நகருக்குப் பக்கத்தில். ஆனாலும் போகிற போக்கில் டாம்பா வளைகுடா முழுவதும் கடலைத் தள்ளி உள்ளே விட்டுப் போனது. தம்பி வீட்டில் முழங்காலுக்கு மேல் உப்புத் தண்ணீர். மெத்தை, சோபா, குழந்தையின் கட்டில், ஊறிப்போன ஜிப்சம் பலகைகள் எல்லாம் தெருவோரம் குவிந்து கிடந்தன. அந்தத் தெருவில் எல்லா வீட்டு வாசலிலும் அதே குவியல். அதை அள்ளி முடிப்பதற்குள் மில்டன். 120 மைல் வேகக் காற்றில் அந்தக் குவியல் எங்கே போய் எந்த ஜன்னலை உடைக்கும் என்று அவனுக்கு ஒரே பயம். ஆளுநர் ரான் டிசான்டிஸ் இரவு பகலாக லாரி விட்டு அள்ளச் சொன்னார். அள்ளினார்கள். ஆனாலும் முழுதாக முடியவில்லை.

புதன்கிழமை மதியத்திலிருந்து காத்திருப்புதான். குளியல் தொட்டியில் தண்ணீர் நிரப்பியாயிற்று. எல்லார் போனும் சார்ஜில். அண்ணி ஒரு மூடிபோட்ட பிளாஸ்டிக் டப்பாவை எடுத்து வந்து, "அவங்கவங்க முக்கியமான பேப்பரெல்லாம் இதுல போடுங்க" என்றார். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு ஜிப்லாக் பை. பாஸ்போர்ட்டுகள், பிறப்புச் சான்றிதழ்கள், தம்பியின் எச்-1பி வேலை விசா ஒப்புதல் கடிதம். அக்காவின் பையில் பாஸ்போர்ட்டுக்குப் பின்னால், இன்னும் பிரிக்காத தபால் வாக்குச்சீட்டு உறை இருந்தது. தபால்காரர் அதை வேறு முகவரிக்குத் திருப்பி அனுப்ப மாட்டார், தொலைந்தால் மறுபடி கேட்டு வாங்க வேண்டும். கடலூர் அண்ணன் அந்த உறையைப் பார்த்துவிட்டுத்தான் பேச்சைத் தொடங்கினார்.

"யாருக்குன்னு கேக்க மாட்டேன், எனக்குத் தெரியும்."

"எனக்கும் உங்களது தெரியும்ணே," என்றார் அக்கா.

அண்ணன் டிரம்புக்கு. அக்கா கமலா ஹாரிஸுக்கு. இரண்டு பேரும் ஒரே கோயில் கமிட்டியில் பல வருஷம் சேர்ந்து வேலை செய்தவர்கள். எங்கள் கூட்டங்களில் அரசியல் வந்தால் யாராவது பேச்சை மாற்றிவிடுவார்கள். அன்றைக்கு மாற்றிப் பேச வேறு பேச்சு இல்லை. தொலைக்காட்சியில் புயல், போனில் புயல், இடையிடையே வரும் விளம்பரமெல்லாம் தேர்தல்.

துளசேந்திரபுரம் பேச்சு சீக்கிரமே வந்தது. கமலாவின் தாத்தா பி.வி. கோபாலனின் ஊர், மன்னார்குடிப் பக்கம். அங்கே கோயிலில் அவர் வெற்றிக்குப் பூஜை நடக்கிற செய்தியை எங்கள் எல்லோருக்கும் ஊரிலிருந்து யாரோ ஒருவர் அனுப்பியிருந்தார்கள். "நம்ம ஊர்ப் பொண்ணுன்னு போடுறீங்களா?" என்று மதுரைக்காரர் கேட்டார். அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஊருக்காக ஓட்டுப் போடுறதுன்னா நான் இங்க குடியுரிமையே வாங்கியிருக்க வேண்டாம். எனக்குப் பத்தொன்பது வயசுல ஒரு பொண்ணு இருக்கா. நாலாவது திருத்தம் சீட்டுல இருக்கு. அதுக்காக." மே 1 முதல் ஃப்ளோரிடாவில் ஆறு வாரத்துக்குப் பிறகு கருக்கலைப்புக்குத் தடை. அதை மாற்றும் மாநில அரசியல் சட்டத் திருத்தம் அதே வாக்குச்சீட்டில் இருந்தது. நிறைவேற 60 சதவீதம் வேண்டும். அண்ணன் எதுவும் சொல்லவில்லை. அவருக்கும் மகள் உண்டு.

மதுரைக்காரருக்கு வேறு சந்தேகம். ஃப்ளோரிடாதான் இப்போது முழுக்கக் குடியரசுக் கட்சி மாநிலம் ஆகிவிட்டதே, 2022இல் டிசான்டிஸ் 19 சதவீதப் புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தாரே, நான் ஒருத்தன் போட்டு என்ன ஆகப்போகிறது என்றார். இதற்கு அண்ணனும் அக்காவும் ஒரே குரலில் பதில் சொன்னது எனக்குப் பிடித்தது: 2000. புஷ்ஷும் கோரும் மோதியபோது இந்த மாநிலத்தில் வித்தியாசம் 537 ஓட்டு. அதை வைத்துத்தான் அமெரிக்காவுக்கே ஜனாதிபதி முடிவானார். 2018இல் மைக்கேல் புயல் அடித்துத் தேர்தலுக்கு நான்கு வாரமே இருந்தபோது, செனட் இடத்தை ரிக் ஸ்காட் சுமார் பத்தாயிரம் ஓட்டில் எடுத்தார். புயல் அடித்த மாவட்டங்களில் சாவடிகள் சிதைந்துபோய், சில இடங்களில் மொத்தமாக ஒரே பெரிய சாவடி வைத்து ஓட்டெடுத்த தேர்தல் அது.

நான் அப்போது 1970ஐச் சொன்னேன். கிழக்குப் பாகிஸ்தானில் நவம்பர் 12 அன்று போலா புயல் அடித்தது. செத்தவர்கள் லட்சக்கணக்கில். இஸ்லாமாபாத் காட்டிய மெத்தனத்தை அந்த மக்கள் மறக்கவில்லை. டிசம்பர் 7 தேர்தலில் அங்கிருந்த 162 இடங்களில் 160ஐ முஜிபுர் ரஹ்மானின் அவாமி லீக் அள்ளியது. அடுத்த ஆண்டு வங்கதேசம் பிறந்தது. புயல் மட்டுமே காரணம் இல்லை, மொழியும் அதிகாரமும் முன்பே இருந்த புண்கள். ஆனால் புயலன்று அரசு எங்கே இருந்தது என்ற கேள்வியோடுதான் அந்த மக்கள் சாவடிக்குப் போனார்கள். எனக்கு அரசியலில் அதைவிட நேரான கேள்வி இல்லை.

அண்ணன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு 'தானே' என்ற புயலைப் பற்றிச் சொன்னார். 2011 டிசம்பர் 30, கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரை ஏறியது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் ஒரே காலையில் போயின. அவர் அப்பாவின் முந்திரித் தோப்பும் அதில் உண்டு. முப்பது வருஷ மரங்கள், வேரோடு சாய்ந்து ஒரே திசையில் படுத்துக் கிடந்ததாம். "அப்பா நிவாரணத்துக்கு எழுதிக் குடுத்தாரு. லிஸ்ட் எடுக்க வந்தவன் முதல்ல கேட்டது நீங்க எந்தக் கட்சின்னு. அப்பா எழுந்து உள்ள போயிட்டாரு. அப்புறம் கடைசிவரை ஒரு ரூபா கேக்கல." அரசாங்கம் கை நீட்டிக் கொடுப்பது எதுவும் சும்மா வராது, பின்னால் ஒரு கட்சிக்காரன் நிற்பான் என்று அண்ணன் நம்புகிறார். அவர் குடியரசுக் கட்சிக்கு ஓட்டுப் போடுவதன் வேர் அந்தத் தோப்பில் இருக்கிறது. இத்தனை வருஷப் பழக்கத்தில் இதை நான் கேட்டதே இல்லை. வரி, எல்லை, பணவீக்கம் என்று தொலைக்காட்சி சொல்வதைத்தான் அவரும் சொல்கிறார் என்று நினைத்திருந்தேன்.

நிவாரணம் என்ற பேச்சு வந்ததும் தம்பியைப் பார்த்தேன். "ஃபெமாவுக்கு எழுதிட்டியா?" என்று கேட்டேன். பேரிடர் உதவி தரும் கூட்டாட்சி அரசு நிறுவனம் அது.

எழுதவில்லை. ஹெலீன் போய் இரண்டு வாரம் ஆகப்போகிறது, வீடு போய்விட்டது, அவன் எழுதவில்லை. காரணம் கேட்டால் ஒவ்வொன்றாக வந்தது. 750 டாலர்தான் தருவார்களாம். அது கடனாம். திருப்பிக் கட்டாவிட்டால் சொத்தைப் பிடுங்கிக்கொள்வார்களாம். பணமெல்லாம் சட்டவிரோதமாக வந்தவர்களுக்குக் கொடுத்துத் தீர்ந்துவிட்டதாம். எச்-1பியில் இருப்பவன் வாங்கினால் நாளைக்குக் கிரீன் கார்டு மறுத்துவிடுவார்களாம். எல்லாம் போனில் வந்தவை. முதல் நான்கும் அந்த இரண்டு வாரத்தில் நாடு முழுக்கச் சுற்றிய கதைகள். பணம் குடியேறிகளுக்குப் போய்விட்டது என்பதை டிரம்பே மேடைகளில் சொன்னார். இன்னொரு பக்கம், அன்று ஜார்ஜியாவிலிருந்து காங்கிரஸ் என்ற அமெரிக்க நாடாளுமன்றத்தில் உறுப்பினராக இருந்த மார்ஜரி டெய்லர் கிரீன், வானிலையை அவர்கள் கட்டுப்படுத்துகிறார்கள் என்றே எழுதினார்.

அன்றைய விதிகளின்படி உண்மை என்ன? 750 டாலர் என்பது உணவு, தண்ணீர், குழந்தைக்கான பொருள் மாதிரி அவசரத் தேவைக்கு முதலில் தரும் தொகை. வாடகை, வீட்டுப் பொருள், பழுது எல்லாம் அதற்குப் பிறகு தனித்தனியாக வரும். அது கடன் இல்லை. பேரிடர் நிதியும் குடியேறிகளின் தங்குமிடத்துக்கு காங்கிரஸ் ஒதுக்கிய நிதியும் வேறு வேறு கணக்கு. பேரிடர் உதவி வாங்கியதைக் கிரீன் கார்டு விண்ணப்பத்தில் குறையாக எடுத்துக்கொள்வதில்லை. எச்-1பியில் இருப்பவர் தன் பெயரில் ஃபெமா பண உதவி வாங்க முடியாது என்பது மட்டும் சரி. ஆனால் வீட்டில் அமெரிக்கக் குடிமகளாக ஒரு சின்னக் குழந்தை இருந்தால், அந்தக் குழந்தைக்காகப் பெற்றவர் விண்ணப்பிக்கலாம். பெற்றவரின் குடியேற்ற நிலையைக் கேட்கவும் மாட்டார்கள்.

இதைச் சொன்னதும் தம்பியின் மனைவி, சோபாவில் தூங்கிக்கொண்டிருந்த மகளைத் திரும்பிப் பார்த்தாள். தம்பி குடும்பத்தில் அவள் ஒருத்திதான் குடிமகள்.

மின்சாரம் இன்னும் இருந்தது. மணி ஐந்து இருக்கும். அக்கா மடிக்கணினியைத் திறந்தார். ஆச்சரியம், பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தது கடலூர் அண்ணன். "இதுல கட்சி கேக்குதா பாரு," என்றார். கேட்கவில்லை. குழந்தையின் சோஷியல் செக்யூரிட்டி எண்ணை ஜிப்லாக் பையிலிருந்து எடுத்தோம். சேதமான முகவரி, இப்போது இருக்கும் முகவரி, வாடகை வீடா சொந்த வீடா, இன்சூரன்ஸ் உண்டா, தண்ணீர் எவ்வளவு உயரம். தம்பி போனிலிருந்த படங்களைக் காட்டினான். சுவரில் தண்ணீர் நின்ற கோடு. குழந்தையின் பிளாஸ்டிக் நாற்காலி மிதக்கிற ஒரு படம். அண்ணன் அந்தப் படத்தை வாங்கி இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "இதையும் போடு" என்றார். பதிவு எண் வந்தது. தம்பி அதைக் கையிலேயே பேனாவால் எழுதிக்கொண்டான்.

தேர்தல் நேரத்தில் எல்லாரும் கொஞ்சம் மிகைப்படுத்துவார்கள் என்று நாம் விட்டுவிடுகிறோம். புயல் நேரத்தில் அப்படி விடக்கூடாது. அந்தக் கதைகளைக் கட்டிவிட்டவர்களுக்குத் தம்பியை யாரென்று தெரியாது. ஆனால் இரண்டு வாரம் அவன் குழந்தை அடுத்தவர் வீட்டுத் தரையில் படுத்ததில் அவர்களுக்குப் பங்கு உண்டு. பிரச்சாரப் பொய்யில் ஒரு ஓட்டு இடம் மாறும். நிவாரணம் பற்றிய பொய்யில் தெருவில் நிற்பவன் உதவி கேட்காமலே இருந்துவிடுவான்.

அண்ணன் அப்போதும் விடவில்லை. டிசான்டிஸ் கமலாவின் போனை எடுக்கவில்லை என்று அந்த வாரம் பெரிய சண்டை. சுயநலம் என்றார் கமலா. இதில் அவருக்கு எந்தப் பொறுப்பும் இல்லை, தேர்தலுக்காகத்தான் கூப்பிடுகிறார் என்றார் டிசான்டிஸ். "புயல் வர்ற நேரத்துல வேலை செய்யுற ஆளை எதுக்கு போன் பண்ணித் தொந்தரவு பண்ணணும்?" என்பது அண்ணன் கட்சி. "துணை ஜனாதிபதி கூப்பிட்டா எடுக்கறதுல என்ன குறைஞ்சு போகுது?" என்பது அக்கா. எனக்கு இரண்டுமே பொருட்டில்லை. பைடனும் டிசான்டிஸும் அதே வாரத்தில் பேசிக்கொண்டார்கள். ஆளுநர் நன்றாக ஒத்துழைக்கிறார் என்று பைடனே சொன்னார். வேலை நடந்த இடத்தில் சண்டை இல்லை.

நான் கேட்க விரும்பியது இன்சூரன்ஸைப் பற்றி. ஜனாதிபதி வேட்பாளர் விவாதத்தில் கமலா அதை ஒரு வரியில் தொட்டதோடு சரி. ஃப்ளோரிடாவில் வீட்டுக் காப்பீட்டில் புயலுக்கென்று தனியாக ஒரு கழிவு (டிடக்டிபிள்) உண்டு, கம்பெனி தருவதற்கு முன் நாம் ஏற்க வேண்டிய பங்கு. அது பெரும்பாலும் வீட்டின் காப்பீட்டுத் தொகையில் சதவீதக் கணக்கு. நான்கு லட்சம் டாலருக்குக் காப்பீடு செய்த வீட்டில் 2 சதவீதம் என்றால் முதல் 8,000 டாலர் நம் கைப்பணம். வெள்ளச் சேதம் அதில் வரவே வராது, அதற்கு வேறு பாலிசி. தனியார் கம்பெனிகள் பல மூடியும் வெளியேறியும் போனதில், கடைசிப் புகலிடமாக இருக்க வேண்டிய அரசு நிறுவனமான சிட்டிசன்ஸ் அப்போது பத்து லட்சத்துக்கும் மேல் பாலிசி வைத்திருந்தது. 2022 டிசம்பரில் கம்பெனிகள் மேல் வழக்குப் போடுவதைக் கடினமாக்கிச் சட்டம் கொண்டுவந்தார்கள். அதனால்தான் கம்பெனிகள் திரும்பி வருகின்றன என்றார் அண்ணன். அதனால்தான் பணம் தராமல் இழுத்தடிக்கிறார்கள் என்றார் அக்கா. இரண்டு பேரின் பிரீமியமும் ஏறியிருந்தது. மாநிலச் சட்டங்களிலிருந்து பருவநிலை மாற்றம் பற்றிய வாசகங்களை நீக்கிய சட்டத்தில் டிசான்டிஸ் அந்த 2024 மே மாதம்தான் கையெழுத்திட்டார் என்று நான் சொன்னேன். வளைகுடாத் தண்ணீர் வழக்கத்தைவிடச் சூடாக இருந்ததுதான் மில்டன் ஒரே நாளில் அப்படி ஊதிப்போனதற்குப் பெரிய காரணம். சட்டத்தில் எடுத்தாலும் பிரீமியம் கணக்கில் அதை எடுக்க மாட்டார்கள் என்றேன். இதற்கு அண்ணனிடமிருந்து பதில் வரவில்லை. ஒத்துக்கொண்டார் என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை.

இருட்டத் தொடங்கியபோது கூம்புப் படத்தைத்தான் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். தேசியப் புயல் மையம் போடும் அந்தக் கூம்பைப் பலர் தப்பாகப் படிக்கிறார்கள். புயலின் மையம் போகக்கூடிய இடம்தான் கூம்பு, அதுவும் மூன்றில் இரண்டு பங்கு நிச்சயத்தோடு. காற்றும் மழையும் தண்ணீரும் கூம்புக்கு வெளியேயும் வரும். 2004இல் சார்லி டாம்பாவுக்கு வருகிறது என்று காத்திருந்தோம், கடைசி மணிகளில் திரும்பிப் புன்டா கோர்டாவை அடித்தது. 2022இல் இயானும் அப்படியே தெற்கே திரும்பி ஃபோர்ட் மையர்ஸ் பக்கம் போனது. அங்கே வெளியேறச் சொல்லி உத்தரவு வந்தது முந்தின நாள்தான். மாநிலம் முழுக்கச் செத்தவர்கள் நூற்றுக்கு மேல். டாம்பா வளைகுடா கடைசியாக ஒரு பெரும்புயலை நேருக்கு நேர் வாங்கியது 1921இல். நூறு வருஷம் தப்பித்த ஊருக்கு ஒரு மிதப்பு வந்துவிடுகிறது. மேயர் ஜேன் காஸ்டர் அதனால்தான் தொலைக்காட்சியில் அவ்வளவு பச்சையாகப் பேசினார்: வெளியேறச் சொன்ன இடத்தில் தங்கினால் சாவீர்கள். கட்சி பார்த்து அந்தப் பேச்சைக் கேட்டவர்கள் எங்கள் வீட்டில் யாரும் இல்லை.

இரவு எட்டரைக்கு மில்டன் சரசோட்டா பக்கம் சியெஸ்டா கீயில் கரை ஏறியது. மூன்றாம் வகை, 120 மைல் வேகம். வடக்கே இருந்த எங்களுக்கு அதுவே தப்பித்தல். புயல் இடஞ்சுழியாகச் சுற்றுவதால், மையத்துக்கு வடக்கே காற்று தரையிலிருந்து கடலை நோக்கி அடித்தது. பத்து பதினைந்து அடி ஏறும் என்று பயந்த டாம்பா வளைகுடாவில் தண்ணீர் வெளியே இழுபட்டு, அடித்தரை தெரிந்தது. அந்தத் தண்ணீரெல்லாம் தெற்கே இருந்தவர்கள் வீட்டுக்குள் போனது. அதை நினைத்தால் நிம்மதி என்று சொல்ல வாய் வரவில்லை. மழை எங்களையும் விடவில்லை. செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் 18 அங்குலத்துக்கு மேல். டிராபிகானா ஃபீல்டு விளையாட்டரங்கின் கூரைத்துணி கிழிந்து பறந்தது. மீட்புப் பணியாளர்களுக்காக அங்கே வரிசையாகக் கட்டில் போட்டிருந்தார்கள், நல்லவேளை ஆட்களை முன்பே மாற்றிவிட்டார்கள். எதிர்க்கரையில் செயின்ட் லூசி மாவட்டத்தில், மையம் கரை ஏறும் முன்பே சூறைச்சுழல்கள் வந்து முதியோர் குடியிருப்பில் ஆறு பேரைக் கொன்றன.

எங்களுக்கு மின்சாரம் போனது பத்து மணிவாக்கில். அதற்குப் பிறகு அரசியல் பேசவில்லை.

அடுத்த நாட்களில் பெட்ரோல் இல்லை. மாநில அரசு சில இடங்களில் ஆளுக்குப் பத்து கேலன் இலவசமாகக் கொடுத்தது. அண்ணனும் நானும் ஒரே வரிசையில் நின்றோம். டிசான்டிஸ் அரசு கொடுத்தது, நான் அவருக்கு ஒருநாளும் ஓட்டுப் போட்டதில்லை, யாரும் கேட்கவும் இல்லை. அது நன்றாக நடந்த வேலை, சொல்லத்தான் வேண்டும்.

அக்டோபர் 21 அன்று முன்கூட்டி ஓட்டுப் போடுவது தொடங்கியது. மதுரைக்காரர் முதல் வாரமே போய்ப் போட்டார், யாருக்கென்று சொல்லவில்லை. நவம்பர் 5 இரவு ஃப்ளோரிடாவை டிரம்ப் 13 புள்ளியில் எடுத்தார். நாலாவது திருத்தத்துக்கு 57 சதவீதம் கிடைத்தது. பாதிக்கு மேல், ஆனாலும் தோல்வி. அக்கா அன்றிரவு யார் போனையும் எடுக்கவில்லை. மறுநாள் காலை அண்ணி மட்டும் அவர் வீட்டுக்குப் போய் இருந்துவிட்டு வந்தார்.

அதற்குச் சில நாள் கழித்து அண்ணன் ஒரு செய்தியை எனக்கு அனுப்பினார். லேக் பிளாசிட் ஊரில், மில்டனுக்குப் பிறகு வீடு வீடாகப் போன ஃபெமா குழுவிடம், டிரம்ப் பலகை வைத்த வீடுகளைத் தாண்டிப் போகச் சொல்லியிருக்கிறார் ஒரு மேற்பார்வையாளர். சுமார் இருபது வீடுகள். ஃபெமா அவரை வேலையிலிருந்து எடுத்தது. அதன் தலைவர் டீன் கிரிஸ்வெல் பகிரங்கமாகக் கண்டித்தார். செய்திக்குக் கீழே அண்ணன் எழுதியிருந்தது ஒரே வரி: "எங்கப்பாகிட்ட கேட்ட அதே கேள்வி."

என்னால் அதற்கு மறுப்புச் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. பொய்யைப் பரப்பித் தம்பியை விண்ணப்பிக்க விடாமல் செய்ததும், பலகை பார்த்து ஒரு வீட்டைத் தாண்டிப் போனதும் ஒரே குற்றம்தான். நம் கட்சிக்காரர்கள் செய்தால் சின்னது, எதிர்க்கட்சிக்காரர்கள் செய்தால் பெரியது என்று பிரிக்க நான் தயாராக இல்லை. அக்காவும் அதையே சொன்னார், இன்னும் கடுமையாக.

2025 ஜனவரி 24 அன்று டிரம்ப் வட கரோலினாவில் ஹெலீன் அழித்த மலைப்பகுதிக்குப் போனபோது, ஃபெமாவையே எடுத்துவிடலாம், மாநிலங்களே பார்த்துக்கொள்ளட்டும் என்ற மாதிரிப் பேசினார். அண்ணனுக்கு அது சரி. பக்கத்தில் இருப்பவனுக்குத்தான் பக்கத்து வீட்டின் கஷ்டம் தெரியும் என்கிறார். லேக் பிளாசிட்டைக் காட்டுகிறார். அக்கா பணத்தைக் கேட்கிறார். பேரிடர் என்று அறிவித்துவிட்டால் சாலை, பாலம், குப்பை அள்ளும் செலவில் குறைந்தது 75 சதவீதம் வாஷிங்டன் தருகிறது. ஃப்ளோரிடா பெரிய மாநிலம், எப்படியாவது சமாளிக்கும். வட கரோலினாவில் ஆஷ்வில்லைச் சுற்றியுள்ள மலைக் கிராமங்களுக்கு அந்தப் பணம் எங்கிருந்து வரும்?

நான் அக்கா பக்கம். நிறுவனத்தை மூடினால் கட்சி கேட்கிற ஆள் ஒழிந்துவிட மாட்டான், கொஞ்சம் கிட்டே வந்துவிடுவான். அண்ணனின் அப்பாவிடம் கட்சி கேட்டவன் உள்ளூர்க்காரன்தான், டெல்லியிலிருந்து வந்தவன் இல்லை. இதை அண்ணனிடம் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. "அப்ப யாரு போனாலும் எந்த வீட்டுக்குப் போனாங்க, எதை விட்டாங்கன்னு கணக்கு வெளியில வரணும்" என்றார். அதில் எங்கள் மூன்று பேருக்கும் சம்மதம். மற்றதில் இன்னும் இல்லை. ஜூன் 1 அன்று அடுத்த புயல் பருவம் தொடங்குகிறது, அதற்குள் இதைப் பேசி முடிப்போம் என்று தோன்றவில்லை.